பத்தாவது பொட்டு

"நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வாராவ. புகார்ல எந்தப் பேர எழுதணும்னு அதுக்குள்ள சொல்லிருங்க, அண்ணாச்சி" என்றாள் சத்யபிரியா. "எல்லாரும் சுடலைமுத்துன்னுதான் சொல்லுதாவ. பதினஞ்சு வருஷமா இங்கன வேல பாக்க மனுஷர். எழுதினா இன்னைக்கே கூட்டிட்டுப் போயிருவாவ. எனக்குக் கை வரல."

துப்பறிவாளர் நம்பிராஜன் கைக்கடிகாரத்தை நோக்கினார். சனிக்கிழமை, காலை மணி பதினொன்று. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் விபத்துகளை ஆராயும் பணியில் முப்பதாண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். உடைந்த பொருளைக் காட்டினால் உடைத்தவரின் முகவரியைச் சொல்லக்கூடியவர் என்று தென்காசியில் பெயர் பெற்றிருந்தார். அண்மைக்காலமாக அப்பெயரில் பாதியை அவருடைய உதவியாளர் ஜுஹைனா எடுத்துக்கொண்டுவிட்டாள். கடையநல்லூரைச் சேர்ந்த அவள் சட்டம் படித்தவள். வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று எந்தப் பிரிவிலும் எழுதப்படவில்லை என்பது அவள் கட்சி. சென்ற மாதம் ஆலங்குளத்தில் ஒரு வழக்கு முடிந்தபோது, வழக்குக்காரர் ஜுஹைனாவுக்குச் சால்வை போர்த்திவிட்டு, நம்பிராஜனின் பக்கம் திரும்பி, "வண்டிய எங்கன நிப்பாட்டிருக்கிய?" என்று கேட்டார். அன்று முதல் அவர் நெஞ்சில் ஒரு சிராய் தைத்திருந்தது.

இப்போதும் சத்யபிரியா முதல் தேநீரை ஜுஹைனாவிடமே நீட்டினாள். சிராய் சற்று ஆழமாக இறங்கியது.

அவர்கள் நின்றிருந்த இடம் மேலகரத்தில், குற்றாலம் செல்லும் சாலையை ஒட்டிய மரவேலைப் பட்டறை. சத்யபிரியா அதன் உரிமையாளர். பட்டறையின் நடுவே, மூன்று மாதங்களுக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து வாங்கி வந்த நகரும் மேசை ரம்பம் நின்றது. அதில் மரத்தைக் கையால் பிளேடை நோக்கித் தள்ள வேண்டியதில்லை. மரத்தை ஏந்திய மேசையே தண்டவாளத்தில் ஓடுவதுபோல் பிளேடைக் கடந்து ஓடும். எட்டடிப் பலகை ஒரே ஓட்டத்தில் அறுபடுவதற்காகப் பத்தரையடி மேசை. அது முழுவதும் ஓட இடம் போதாமையால் பின்சுவரை இடித்துத் தள்ளிக் கட்டியிருந்தனர்.

நேற்றுக் காலை, அன்றைய முதல் அறுப்பிலேயே ஒரு வேங்கை மரச் சட்டம் பின்னோக்கிப் பாய்ந்து, இயந்திரத்தை இயக்கிய ஜெனோவின் காறையெலும்பை முறித்துவிட்டது. காரணம் வெளிப்படையானது. பிளேடுக்குப் பின்னால் பிறைபோல் நிற்க வேண்டிய ஓர் இரும்புத் தகட்டை யாரோ கழற்றியிருந்தனர். பட்டறையில் அதற்குப் பின்கத்தி என்று பெயர். மாலையில் சத்யபிரியா தேடியபோது, அது சுடலைமுத்துவின் சாமான் பைக்குள் கிடந்தது.

"கத்தி இல்லாதத ஜெனோ பாக்கலியா?" என்று நம்பிராஜன் கேட்டார்.

"மேல் மூடி இறங்கியிருந்தா உள்ள ஒண்ணும் தெரியாது, அண்ணாச்சி." விடையளித்தவன் சத்யபிரியாவின் கணவன் பரமேஸ்வரன். வெள்ளைச் சட்டை கசங்காமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். "வெள்ளிக்கிழமைன்னா ஒம்பது மணிக்கு மிஷினுக்குப் பூஜை. மூடியத் தூக்கிச் சூடம் காட்டும்போது பின்கத்தி இருந்துச்சு. வாசல்ல நின்னு என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். சூடம் அணைஞ்சு, ஜெனோ வந்து சுவிட்சு போட ஆறு நிமிஷம். அந்த ஆறு நிமிஷத்துலதான் கழட்டிருக்கணும்."

"நிமிஷத்தக்கூட எண்ணி வச்சிருக்கியளே" என்றாள் ஜுஹைனா.

"எனக்கு எதையும் எண்ணுதது பழக்கம்."

"எங்க உம்மாவும் அப்படித்தான். நான் தின்ன முறுக்க எண்ணுவாவ."

நம்பிராஜன் குறுக்கிட்டார். "நேத்து இங்கன யார் யார் இருந்தது?"

"மூணு பேரு. ஜெனோ, சுடல, நான். இவ குத்தாலத்துல லாட்ஜுக்கு அளவெடுக்கப் போயிருந்தா."

"பூஜை போட்டது?"

"வழக்கமா சுடலதான் போடுவான்."

நம்பிராஜன் இயந்திரத்தைச் சுற்றி வந்தார். விபத்துக்குப் பின் எவரும் அதைத் தொடவில்லை. நேற்று வைத்த சந்தனப் பொட்டுகள் உலர்ந்து, நடுவே குங்குமம் சிவந்திருந்தது. மோட்டார்ப் பெட்டியில் ஒன்று, சுவிட்சுப் பலகையில் ஒன்று, மேசையின் விளிம்பில் மூன்று என எண்ணிக்கொண்டே வந்தார். ஒன்பது. மேல் மூடியை உயர்த்திப் பிளேடின் பின்புறம் கையை நீட்டினார்.

"மெயின ஆஃப் பண்ணிட்டுக் கைய நீட்டுங்க, அண்ணாச்சி. உங்க வெரல வச்சுத்தான் நமக்குப் பொழப்பு" என்ற ஜுஹைனா, தானே சென்று மின்சாரத்தைத் துண்டித்தாள்.

மேசையை ஒதுக்கிக் குனிந்து பார்த்தவருக்குப் பத்தாவது பொட்டு தென்பட்டது. பிளேடுக்குப் பின்னே, உள்ளங்கையளவு இரும்புத் தளம் ஒன்றின் நடுவில் அது இருந்தது. இவ்வளவு மறைவான இடத்தில் பொட்டு எதற்கு? விடை தோன்றாமலேயே நிமிர்ந்தார்.

*

தென்காசியிலிருந்த தனியார் மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், கட்டுப் போட்ட தோளுடன் ஜெனோ சாய்ந்திருந்தான். வயது முப்பது இருக்கும். அவன் மனைவி ஷெர்லின் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"பின்கத்தியக் கடைசியா எப்பப் பாத்த?" என்று நம்பிராஜன் வினவினார்.

ஜெனோ ஜுஹைனாவைப் பார்த்து விடை சொன்னான். "எட்டே முக்காலுக்குத் தொட்டே பாத்தேன், மேடம். ஆட்டிப் பாத்தேன். இறுக்கமா இருந்துச்சு. பெறவு டீ குடிக்கப் போயிட்டேன். பூஜை நேரத்துல நான் உள்ள நிக்க மாட்டேன். அது சுடல அண்ணாச்சியோட வேல. பொட்டு வச்சப்புறம் முதல் அறுப்பு வரைக்கும் மிஷினத் தொடக்கூடாதுன்னு ஒரு வழக்கம். அதுக்கு மரியாத கொடுத்து நானும் திரும்பப் பாக்கல."

"அந்த மரியாதக்கித்தான் இந்தக் கட்டு" என்றாள் ஷெர்லின். "வீட்ல என் பக்கத்துல உக்காந்தாலும் அந்த மிஷினோட வீடியோவத்தான் பாப்பாரு, மேடம். நான் புதுச் சேலை கட்டினாத் தெரியாது. அது மேல தூசி விழுந்தாத் தெரியும். எனக்கு அதக் கண்டாலே ஆகாது."

"மிஷின சக்களத்தின்னு கோர்ட்ல நிரூபிக்கது கஷ்டம்க்கா" என்றாள் ஜுஹைனா.

ஜெனோ சிரிக்க முயன்று வலியால் நிறுத்திக்கொண்டான். பிறகு பின்கத்தியைப் பற்றி ஜுஹைனாவிடம் விளக்கத் தொடங்கினான். கோயம்புத்தூரில் இயந்திரம் தேர்ந்தெடுத்தபோது தான் கேட்ட கேள்விகளையும் சொன்னான். அவள் புருவம் உயர்த்தினாள், தலையசைத்தாள், இடையிடையே "அப்படியா?" என்றாள். கேள்வியைக் கேட்டவர் தாம், விடை மட்டும் வேறோர் இடத்துக்குப் போகிறதே என்று நம்பிராஜன் வெந்துகொண்டிருந்தார். ஜெனோவின் கண்கள் ஒருமுறையேனும் தம் பக்கம் திரும்புகின்றனவா என்று பார்த்தவாறே நின்றார். திரும்பவில்லை.

"சுடலைமுத்துவுக்கு உன் மேல பொறாமயா?" என்று சற்றே உரக்கக் கேட்டார்.

"உண்டு, சார்." இம்முறை அவன் கண்கள் அவரிடம் வந்தன. "'இவன் வெரலு எத்தன நாளைக்கு முழுசா இருக்குன்னு பாக்கேன்'னு டீக்கடையில வச்சே சொன்னாவ. ஆனா..." என்று இழுத்தான்.

படியிறங்கும்போது நம்பிராஜன் தொண்டையைச் செருமினார். "ஜுஹைனா, அந்தப் பின்கத்தி பத்தி என்ன சொன்னான்?"

ஜுஹைனா நின்றுவிட்டாள். "பக்கத்துலதான நின்னிய?"

"நின்னேன்."

"பெறவு?"

"காதுல விழல" என்றார். அதற்கு மேல் விளக்க அவருக்கு மனமில்லை.

அவள் சிரிக்கவில்லை. அதுவே அவருக்குச் சங்கடமாக இருந்தது. "மரத்த அறுத்ததும் அது சும்மா இருக்காதாம், அண்ணாச்சி. உள்ள இருக்க முறுக்கு விட்டு, அறுபட்ட ரெண்டு பாதியும் திரும்ப ஒட்டப் பாக்குமாம். அப்ப பிளேடோட பின்பக்கத்தக் கவ்விக்கும். பின்பக்கத்துப் பல்லு கீழ இருந்து மேல வருதுல்லா, மரத்த அப்படியே தூக்கி ஆள் மேல எறிஞ்சிரும். அந்த இடைவெளி மூடாமக் காவல் நிக்கதுதான் பின்கத்தி. அவன் எப்பவும் பிளேடுக்கு நேரா நிக்காம இடது பக்கம் மேசையோரமா ஒதுங்கி நிப்பானாம். அதனாலதான் சட்டம் தோளோட போச்சு. நேரா நின்னிருந்தா நெஞ்சுதான்."

"கத்திய எங்கன மாட்டுவாங்களாம்?"

"பிளேடுக்குப் பின்னால உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்புத் தளம். அது மேல கத்தியோட கால வச்சுத் திருகாணி போடுவாங்களாம். மாட்டிட்டா அந்தத் தளம் கண்ணுக்கே தெரியாது."

நம்பிராஜன் படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். "அந்தத் தளத்துலதான் பொட்டு இருந்துச்சு."

ஜுஹைனாவின் கண்கள் விரிந்தன. "அப்ப பொட்டு வைக்கும்போதே கத்தி அங்கன இல்ல! வச்ச கைக்கு அது தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்திருக்கு. பூஜை போட்டவர்தான் ஆளு. சுடலைமுத்து கத முடிஞ்சுது, அண்ணாச்சி!"

கண்டறிந்த மகிழ்ச்சியும், அதற்கான பாதி வழியை அவள் சொல்லித்தான் கண்டறிந்தோம் என்ற எரிச்சலுமாக அவர் அவளுடைய ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் ஏறினார்.

*

குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. பேரருவிக்குச் செல்லும் வழியெங்கும் எண்ணெய் பூசிய உடம்புகளும் ஈரத் துண்டுகளுமாக இருந்தன. ஜுஹைனா ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஒரு விடுதியின் முன் வண்டியை நிறுத்தினாள்.

ஊராரின் கோபத்துக்கு ஆளாகாமல் இருக்கட்டும் என்று சத்யபிரியா சுடலைமுத்துவை இங்கே அலமாரிக் கதவுகள் பொருத்த அனுப்பியிருந்தாள். ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. ஒரு கதவைத் தூக்கிப் பிடித்தவாறு திரும்பியவர், இவர்களைக் கண்டதும் அதை மெதுவாகத் தரையில் சாய்த்தார்.

"போலீசா?"

"நாலு மணிக்கு" என்றாள் ஜுஹைனா. "நாங்க அதுக்கு முந்தின ஷோ."

நம்பிராஜன் வினவ வந்ததை வினவவில்லை. அவர் பார்வை சுடலைமுத்துவின் முகத்திலேயே நின்றது. கன்னமெங்கும் நரையும் கருப்புமாகத் தாடி மண்டியிருந்தது. சட்டை துவைத்திருந்தது, தலை வாரியிருந்தது, முகம் மட்டும் மழிக்கப்படவில்லை.

"தாடி எத்தன நாளு?"

"பன்னெண்டு நாளு, சார். கடையத்துல எங்க பெரியப்பா தவறிட்டாவ. பதினாறு கழியாமக் கத்தி வைக்கக்கூடாதுல்லா."

"நேத்துப் பூஜை போட்டது நீர்தானே?"

சுடலைமுத்து, அக்கேள்வி தம்மை அடித்ததைப் போல ஓரடி பின்வாங்கினார். "என்ன சார் பேசுதிய? தீட்டோட சாமி காரியத்துல கை வைப்பனா? வேலைக்கு வருவேன், வெளக்கு, சூடம் கிட்டப் போவ மாட்டேன். நேத்துப் பொட்டு வச்சு முடியத்தட்டியும் கேட்டுக்கு வெளிய ரோட்டுலதான் நின்னேன். யாரும் என்கிட்டப் பூஜையப் பத்திக் கேக்கல. பையப் பத்தித்தான் கேட்டாவ."

ஜுஹைனா நம்பிராஜனைப் பார்த்தாள். சற்றுமுன் முடிந்துபோன கதை, அவள் முகத்திலேயே மீண்டும் திறந்துகொண்டது.

"ஜெனோ மேல உமக்குப் பொறாமன்னு சொல்லுதாவளே" என்றார் நம்பிராஜன்.

"உண்டு. இல்லன்னு சொன்னா நாக்கு அழுகிரும். நான் நின்ன இடத்துல அவன் நிக்கான். மொதலாளியம்மா எதுன்னாலும் அவன்கிட்டக் கேக்காவ. மூணு மாசமா எனக்குச் சோறு எறங்கல. அவன் அளவு தப்பணும், மரம் பாழாப் போவணும்னு நெனச்சிருக்கேன்." தரையில் சாய்த்த கதவின் விளிம்பை அழுத்திப் பிடித்தார். "ஆனா அந்தக் கத்திய நான் கழட்டுவனா? அதக் கழட்டினா மரம் பாழாகாது, சார்; மனுஷன்தான் பாழாவான். ரம்பத்துல நின்னவன் எவனும் அதுல கை வைக்க மாட்டான். அது எதுக்குன்னு தெரியாதவன்தான் வைப்பான்."

திரும்பும் வழியில் ஜுஹைனா, இலஞ்சி விலக்கு தாண்டியதும், "அண்ணாச்சி, ஜெனோ டீக்கடையில. சுடலைமுத்து ரோட்டுல. உள்ள மிச்சம் ஒரு ஆளுதான்" என்றாள்.

"ஆமா."

"'வழக்கமா சுடலதான் போடுவான்'னு சொன்னாவ. 'நேத்து அவன்தான் போட்டான்'னு சொல்லவே இல்ல. நானும் கவனிக்கல."

"நானும்தான்" என்று நம்பிராஜன் சொன்னார். அச்சொல் சொல்ல எளிதாக இருந்தது அவருக்கே வியப்பாயிருந்தது.

*

பட்டறையை அடைந்தபோது மணி மூன்றரை. சத்யபிரியா எழுதப்படாத புகார்த் தாளுடன் அமர்ந்திருந்தாள். அவளுக்கு முன்னிருந்த எழுத்து மேசைமீது பின்கத்தி கிடந்தது. பரமேஸ்வரன் கதவருகே நின்றான்.

"ஒரு சின்ன சந்தேகம்" என்றார் நம்பிராஜன். "பூஜையில எத்தன பொட்டு?"

"பத்து" என்றான் பரமேஸ்வரன், கண் இமைக்காமல்.

"காட்டுங்க."

அவன் விரல் நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டினான். ஒன்பதில் நின்றான். "பத்தாவது பின்கத்தியில. அதத்தான் கழட்டிட்டானே."

ஜுஹைனா பின்கத்தியை எடுத்து இருபுறமும் திருப்பிக் காட்டினாள். சந்தனத்தின் சுவடு அதில் இல்லை. "பொட்டும் கழண்டுருச்சோ?"

நம்பிராஜன் மேசையைத் தள்ளினார். பத்தரையடி அலுமினியம் ஓசையின்றி ஓடி ஒதுங்கியது. "வாங்கம்மா. இங்க பாருங்க. கத்தி உக்காருத எடம். கத்தி இருந்தா இந்த எடத்துல வெரல் நுழையாது. இங்க பொட்டு இருக்கு. அப்படின்னா பொட்டு வைக்கும்போதே கத்தி இல்ல. 'சூடம் காட்டும்போது என் கண்ணால பாத்தேன்'னு உங்க வீட்டுக்காரர் சொன்னாவ."

"சுடல வச்ச பொட்டுக்கு நான் என்ன செய்ய?" என்றான் பரமேஸ்வரன்.

"பதினாறு கழியாத மனுஷரா?"

சத்யபிரியா எழுந்தாள். "ஆமா. அவுக பெரியப்பா காரியத்துக்கு நான்தான் லீவு கொடுத்தேன். சுடல அண்ணாச்சி சூடத்தத் தொட்டிருக்க மாட்டாவ." அவள் கணவனை நோக்கித் திரும்பினாள்.

நம்பிராஜனே தொடர்ந்தார். "இன்னொரு கேள்வி. பின்கத்தி எதுக்கு?"

பரமேஸ்வரன் உதட்டை நனைத்துக்கொண்டான். "தூசியத் தள்ளுததுக்கு. அது இல்லன்னா அறுப்பு சுத்தமா வராது. மரம் கருகும்."

"தூசிக்கா?" சத்யபிரியாவின் குரல் மெலிந்தது. "கோயம்புத்தூர்ல ஜெனோ அந்தக் கடைக்காரன நிப்பாட்டி நாலு கேள்வி கேட்டான். எட்டடிப் பலகை ஒரே ஓட்டத்துல போவுமா, பலகையோட அடிப்பக்கம் பிசிறாம இருக்க முன்னால ஒரு சின்ன பிளேடு உண்டா, மரத்துக்கு அணையா நிக்குத வேலியப் பூட்டினா அசையுமா, பிளேடு ஏறி எறங்கும்போது பின்கத்தியும் கூடவே ஏறி எறங்குமான்னு. அது இல்லன்னா ஆளையே அடிக்கும்னு கால் மணி நேரம் சொன்னான். நீங்க பக்கத்துலதான நின்னிய?"

நம்பிராஜன் தலையைக் குனிந்துகொண்டார். ஜுஹைனா அவரைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

"நின்னேன்" என்றான் பரமேஸ்வரன். கட்டியிருந்த கைகள் அவிழ்ந்தன. "ஏழடி மேசை போதும்னு நான் சொன்னேன். நீ என்னத் திரும்பிக்கூடப் பாக்கல. அவன் ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்ல நீ தலையாட்டின. அவன் சொன்னது ஒண்ணும் என் காதுல ஏறல. உன் தலையத்தான் பாத்துட்டு நின்னேன். பதினாலு தடவ. எண்ணினேன். பதினோரு வருஷத்துல என் பேச்சுக்கு ஒரு தடவ அப்படி ஆட்டிருக்கியா?"

வெளியே குற்றாலத்துப் பேருந்து ஒன்று ஹாரன் அடித்தபடி கடந்தது.

"அவன் அறுப்பு கெடணும், உன் முன்னால அவன் முழிக்கணும்னு மட்டுந்தான் நெனச்சேன். சத்தியமா அடிக்கும்னு தெரியாது. அவன் விழுந்ததும் பயந்துட்டேன். கைக்குக் கெடச்சது சுடலையோட பைதான்."

"கத்தியக் கழட்டின கை, அந்த எடத்துல பொட்டு ஏன் வைக்கணும்?" என்று ஜுஹைனா கேட்டாள்.

"சுடல எப்பவும் பின்கத்தியிலயும் ஒண்ணு வைப்பான். கத்தி இல்லாததால அது நின்ன எடத்துல வச்சேன். பத்துல ஒண்ணு கொறஞ்சா சாமி குத்தம்லா."

"ஒரு மனுஷன் கொறஞ்சாப் பரவால்லயோ?"

சத்யபிரியா இயந்திரத்தின் மேசைமீது கையை ஊன்றிக்கொண்டாள். "அந்தப் பதினாலுல ஒண்ணு இந்தக் கத்திக்கு ஆட்டினது" என்றாள். "அத மட்டுமாவது நீங்க காதுல வாங்கிருக்கலாம்."

வாசலில் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றியவாறு உள்ளே வந்தார். "என்ன அண்ணாச்சி, கண்டுபிடிச்சிட்டியளா?"

நம்பிராஜன் வாயைத் திறந்தார். சிராய் ஒருமுறை உறுத்தியது. "இவங்கதான் கண்டுபிடிச்சாங்க" என்று ஜுஹைனாவைக் காட்டினார். "நான் வண்டியில பின்னால உக்காந்து வந்தேன்."

ஜுஹைனா ஒரு நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டாள்.

சத்யபிரியா பேனாவை எடுத்தாள். கை வராமல் காலையிலிருந்து வெறுமையாய்க் கிடந்த தாளில் ஒரு பெயரை எழுதி நீட்டினாள். இன்ஸ்பெக்டர் அதைப் படித்தார், மீண்டும் படித்தார், கதவருகே நின்றவனைப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரராம்மா? நிச்சயமாச் சொல்லுதியளா?"

அவள் கணவனை நேராகப் பார்த்தவாறு, நிதானமாக, ஒரே ஒரு முறை தலையாட்டினாள்.

பரமேஸ்வரன் அதையும் எண்ணினான்.